மணலில் எழுதிய பாடம்



பரிசளிப்பு விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி தலைமையாசிரியர் கேட்டபோது, எதைப்பற்றி எழுதுவது என்று நான் நெடுநேரம் யோசிக்கவில்லை. இந்த ஆண்டு ஒரு தாயார் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்று மனத்திலேயே நின்றுவிட்டது. அதற்கு விடை தேடப்போய், சரித்திரத்தில் நானூறு ஆண்டுகள் பின்னோக்கிப் போகவேண்டியதாயிற்று. அங்கே கண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நடந்தது இதுதான். நம்முடையது தோட்டப்பள்ளி. பிள்ளைகள் குறைவு. இரண்டாம் ஆண்டையும் மூன்றாம் ஆண்டையும் ஒரே அறையில் வைத்து ஒரே ஆசிரியை பாடம் நடத்துகிற கூட்டு வகுப்பு என்னுடையது. இரண்டாம் ஆண்டில் ஒரு பையனுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வரவில்லை. மூன்றாம் ஆண்டில் ஒரு பெண்பிள்ளை நன்றாகப் படிப்பாள். அவளை அவன் பக்கத்தில் உட்காரவைத்து, "தம்பிக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடும்மா" என்றேன். ஒரு வாரம், இரண்டு வாரம் அப்படியே போயிற்று. பிறகு ஒருநாள் பள்ளி விடும் நேரத்தில் அவளுடைய அம்மா வந்து நின்றார்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. எம் புள்ள படிக்க வந்திச்சா, இல்ல வாத்தியார் வேலை பாக்க வந்திச்சா? அடுத்தவங்க புள்ளைக்குச் சொல்லிக்குடுத்துட்டே இருந்தா அது எப்பப் படிக்கும்?"

அந்த அம்மாள் கேட்டதில் குற்றமில்லை. தன் பிள்ளை சீக்கிரம் படிக்கவேண்டும், நன்றாகப் படிக்கவேண்டும் என்று நினைக்காத தாய் யார்? அன்று நான் ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் இராத்திரி தூக்கம் வரவில்லை. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால், யாருக்கு இலாபம், யாருக்கு நட்டம்? ஒரு புதிய திறனை விரைவாகவும் உறுதியாகவும் கற்றுக்கொள்ள மனிதர்கள் என்னென்ன வழிகளைக் கண்டார்கள்? இதுதான் நம் கேள்வி.

நான்கு சிறுவர்கள்

1623ஆம் ஆண்டு. பியெத்ரோ டெல்லா வல்லே என்ற இத்தாலியப் பயணி கன்னட நாட்டில் இக்கேரி என்னும் ஊரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். வழியில், மூட்டை முடிச்சுகளைக் கட்டும் நேரத்தில், ஒரு கோயில் முன்மண்டபத்தில் நான்கு சிறுவர்கள் கணக்குப் படிப்பதைக் கண்டார். கூட வாத்தியார் இல்லை. தரையில் மெல்லிய மணலைப் பரப்பியிருந்தார்கள். ஒருவன் பாடத்தை இராகத்தோடு பாடிக்கொண்டே விரலால் மணலில் எழுதினான். மற்ற மூவரும் அவனைப் போலவே பாடினார்கள், எழுதினார்கள். தரை நிறைந்ததும் கையால் அழித்துவிட்டு, புதுமணல் தூவி அடுத்த பாடத்தை எழுதினார்கள்.

பயணிக்கு ஆச்சரியம்! "பாடம் மறந்துபோனால் உங்களுக்கு யார் எடுத்துக்கொடுப்பார்கள்? இங்கே வாத்தியார்கூட இல்லையே" என்று கேட்டார். அதற்குச் சிறுவர்கள் தந்த பதிலை அவர் தம் பயண நூலில் எழுதிவைத்திருக்கிறார். நாலு பேரும் ஒரே நேரத்தில் மறந்துபோக முடியாது. அதனால்தான் சேர்ந்து படிக்கிறோம் என்பதே அந்தப் பதில்.

கல்வி முறைகளைப்பற்றி எத்தனையோ பெரிய புத்தகங்களைப் பயிற்சிக் கல்லூரியில் புரட்டியிருக்கிறேன். ஆனால் இந்த நாலு பொடியன்களின் பதிலைப்போல் சுருக்கமான பதிலை நான் வேறெங்கும் கண்டதில்லை. எனக்கு மறந்தது உனக்கு நினைவிருக்கும். உனக்கு மறந்தது அவனுக்கு நினைவிருக்கும். ஒருவன் தடுமாறும் இடத்தில் இன்னொருவன் கைகொடுப்பான்.

திண்ணைப் பள்ளிக்கூடம்

நம் தமிழ்நாட்டிலும் இதே போன்ற முறைதான் இருந்தது. ஒரு வீட்டுத் திண்ணை. ஒரே ஒரு வாத்தியார். வெவ்வேறு வயதில் பிள்ளைகள். இன்றைய கூட்டு வகுப்புக்கு அதுவே பாட்டன் என்று சொல்லலாம். புதிதாக வந்த பிள்ளை முதலில் மணலில் விரலால் அகரம் எழுதும். கை பழகியபிறகே ஓலையும் எழுத்தாணியும். அரிச்சுவடி, எண்சுவடி, அதன்பிறகு ஆத்திசூடி, கொன்றைவேந்தன் என்று படிப்படியாக மேலே போகும்.

அத்தனை பிள்ளைகளையும் ஒரு வாத்தியார் எப்படிப் பார்த்துக்கொண்டார்? அங்கேதான் சட்டாம்பிள்ளை வருகிறான். மூத்த மாணவன், வாத்தியாருக்கு அடுத்த நிலையில் இருப்பவன். இளைய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதும், ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பதும் அவன் பொறுப்பு. எண்சுவடியை ஒருவன் முதலில் சொல்ல, மற்றவர்கள் ஒரே குரலில் திருப்பிச் சொல்வார்கள். மாலையில் வீட்டுக்கு அனுப்பும்போது, ஒரு பிள்ளைக்கு ஒரு பூவின் பெயர், இன்னொரு பிள்ளைக்கு ஒரு பறவையின் பெயர் என்று சொல்லியனுப்பி, மறுநாள் காலையில் வந்ததும் கேட்கும் வழக்கமும் இருந்தது. ஓர் இரவு கழிந்தும் அந்தப் பெயர் பிள்ளையின் நினைவில் தங்கியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது.

மணலைப்பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். மணல் காசில்லாமல் கிடைக்கும். அதைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. பிழையாக எழுதினால் உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போதும், பிழை போய்விடும். சிவப்பு மையால் சுழித்த நோட்டுப்புத்தகத்தைப்போல் அது பிள்ளையை நாளெல்லாம் பயமுறுத்திக்கொண்டிருக்காது. பிழை செய்யப் பயப்படாத பிள்ளை பத்துத் தடவை முயன்று பார்க்கும். பயந்த பிள்ளையோ ஒரு தடவையோடு நிறுத்திவிடும்.

குதிரையில் வந்த பாதிரியார்

இந்தத் திண்ணைப் பாடம் கடல் தாண்டிப் போன கதை சுவையானது.

டாக்டர் ஆண்ட்ரூ பெல் என்பவர் 1753இல் ஸ்காட்லாந்தில் செயிண்ட் ஆண்ட்ரூஸ் என்னும் ஊரில் பிறந்தவர், பாதிரியார். 1787இல் இந்தியா வந்து சென்னையில் தங்கினார். 1789இல் எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதியின் கல்விப் பொறுப்பை ஏற்றார். அங்கே இருந்தவர்கள் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பிள்ளைகள். அவர்களுள் பலருக்குத் தாய்மார்கள் இந்நாட்டுப் பெண்கள். துணையாசிரியர்கள் சரியாகக் கற்பிக்கவில்லை. பிள்ளைகளுக்கு எழுத்து ஏறவில்லை. பெல் தவித்துப்போனார்.

ஒருநாள் காலையில் குதிரையில் உலாவப் போனவர், வழியில் ஒரு 'மலபார்' பள்ளிக்கூடத்தைக் கண்டார். அக்காலத்து ஆங்கிலேயர்கள் தமிழரையும் 'மலபார்' என்றே அழைத்தார்கள். அங்கே பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். பெல்லுக்குப் பொறி தட்டியது. உடனே விடுதிக்குத் திரும்பி, எழுத்துப் படிக்கும் கடைசி வகுப்பை மணலில் எழுதப் பழக்கும்படி துணையாசிரியரிடம் சொன்னார். அவரோ, அது நடக்காத காரியம் என்று கைவிரித்துவிட்டார்.

பெல் என்ன செய்தார் தெரியுமா? ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனைக் கூப்பிட்டு, அந்த வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார்! அவன் ஒரு சாதாரணச் சிப்பாயின் மகன். பெரியவரால் ஆகாது என்ற காரியம் அந்தச் சிறுவனால் ஆயிற்று. பிறகு ஒவ்வொரு வகுப்புக்கும் இப்படி மாணவர்களே கற்பிப்பவர்களாக வந்தார்கள். வகுப்பை இருவர் இருவராகப் பிரித்து, ஒருவன் சொல்லிக்கொடுப்பவன், ஒருவன் கேட்டுக்கொள்பவன் என்று அமைத்தார். பாடத்தைச் சிறுசிறு துண்டுகளாக்கினார். ஒரு துண்டு முழுமையாக வந்தபிறகே அடுத்தது. பிரம்படியைக் குறைத்தார். குற்றம் செய்தவனைச் சக மாணவர்களே விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும்படி செய்தார்.

1796இல் அவர் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். 1797இல் இலண்டனில் இந்தச் சோதனையைப்பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டார். அந்த முறைக்கு 'மதராஸ் முறை' என்றே பெயர் நிலைத்தது. நம் திண்ணையில் ஓர் ஓரமாக நடந்த காரியம் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

போகும் வழியில் தொலைந்தது

1798இல் இலண்டன் ஆல்ட்கேட் பகுதியில் ஒரு பள்ளி மதராஸ் முறையை மேற்கொண்டது. அதே ஆண்டில் ஜோசப் லங்காஸ்டர் என்ற இளைஞர் இலண்டனில் வேறொரு பள்ளி தொடங்கி, ஏறக்குறைய இதே போன்ற முறையில் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியரைக்கொண்டு பாடம் நடத்திக் காட்டினார். பெல்லின் முறையை 1811இல் தோன்றிய தேசியக் கல்விச் சங்கம் இங்கிலாந்து முழுதும் பரப்பியது. லங்காஸ்டரின் முறை 1806இலேயே நியூயார்க் வரை போய்விட்டது. பின்னர்த் தென்னமெரிக்க நாடுகளிலும் பரவியது.

இவ்வளவு வேகமாகப் பரவியதற்குக் காரணம் என்ன? அதன் அருமையை உணர்ந்தவர்கள் சிலர் இருந்தார்கள். ஆனால் பெரும்பாலோரைக் கவர்ந்தது, அது மலிவு என்பதுதான். ஒரு சம்பளத்தில் ஐந்நூறு பிள்ளைகள்! பணம் கொடுப்பவர்களுக்கு அதைவிட இனிப்பான செய்தி உண்டா? திண்ணையில் ஒரு மூத்தவன் நாலைந்து சிறியவர்களை அணைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தது, பெரிய கூடத்தில் பட்டாளத்துப் பயிற்சிபோல் ஆகிவிட்டது. மணி அடித்தால் எழுந்திரு, மணி அடித்தால் சிலேட்டைக் காட்டு என்று நடந்தது. லங்காஸ்டர் பிரம்பைத் தவிர்த்தார் என்றாலும், தவறு செய்த பிள்ளையின் கழுத்தில் மரக்கட்டையைத் தொங்கவிட்டும், கூடையில் உட்காரவைத்து உயரத்தில் தூக்கியும் அவமானப்படுத்தினார்.

பத்து வயதுப் பிள்ளை தான் கற்றதைத்தான் சொல்லிக்கொடுக்க முடியும். 'ஏன்' என்று கேட்டால் அது என்ன செய்யும்? அதற்கு விளக்கம் சொல்ல ஓர் ஆசிரியர் பக்கத்தில் இருக்கவேண்டாமா? அந்தப் பெரிய கூடத்தில் அவர் எட்டாத தூரத்தில் மேடைமேல் இருந்தார். ஆகவே பிள்ளைகள் கிளிப்பிள்ளைபோல் ஒப்பித்தார்கள், பொருள் விளங்கவில்லை. குறைகூறல்கள் பெருகின. 1846இல் இங்கிலாந்து அரசாங்கம் வேறு வழிக்கு வந்தது. 13 வயதுக்கு மேற்பட்டவர்களை ஐந்தாண்டுகள் ஒரு தலைமையாசிரியரிடம் பழகுநராக வைத்துப் பயிற்றுவிக்கும் திட்டம் அது. மதராஸ் முறையின் காலம் மெல்ல முடிந்தது.

பெல் 1832இல் காலமானார். இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் சொத்தைக்கொண்டு அவர் பிறந்த ஊரில் அமைந்த பள்ளிக்கு இன்றும் 'மதராஸ் கல்லூரி' என்றே பெயர். ஸ்காட்லாந்துக் குளிரில் நம் சென்னையின் பழைய பெயர்ப்பலகை தொங்குகிறது! ஆனால் அந்தக் காலையில் மணலில் எழுதிக்கொண்டிருந்த தமிழ்ப் பிள்ளைகளின் பெயர் ஒன்றுகூடச் சரித்திரத்தில் இல்லை.

திண்ணையில் இடமில்லாதவர்கள்

நம் பழமையைப் பேசும்போது பெருமை மட்டும் பேசினால் அது பாதி உண்மையாகிவிடும். 1822இல் சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்ரோ, ஊர்ப் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826இல் தொகுத்த கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அந்தக் காலத்துக்கு அது சிறிய எண்ணிக்கையன்று. ஆனால் அவர்களுள் பெண்பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே. சாதியால் ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கோ பெரும்பாலான திண்ணைகளில் ஏற இடமில்லை. பிரம்படியும் கோதண்டத் தண்டனையும் வேறு.

கப்பலேறி மலாயாவுக்கு வந்த நம் முன்னோர்களுள் பலர், அந்தத் திண்ணைக்கு வெளியே நின்றவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சட்டை மடித்து, கழுத்துப்பட்டி கட்டி, மேடையேறிப் பரிசு வாங்குகிறார்கள் என்றால், அது எவ்வளவு தூரம் நடந்து வந்த பயணம் என்பதைச் சற்றே எண்ணிப்பாருங்கள்.

இந்நாட்டில் தமிழ்க் கல்வியின் தொடக்கமாக, 1816இல் பினாங்கு இலவசப் பள்ளியில் நடந்த தமிழ் வகுப்பைச் சொல்வார்கள். தோட்டங்களில் பள்ளி பரவியதற்குப் பெரிய காரணம் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். ஏழு வயதுமுதல் பதினான்கு வயதுவரை உள்ள பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால், தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்கவேண்டும் என்று அச்சட்டம் சொல்லிற்று. பள்ளி வந்தது, பயிற்சிபெற்ற ஆசிரியர் வரவில்லை. பல தோட்டங்களில் கிராணியோ, கங்காணியோ, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தொழிலாளியோதான் வாத்தியார். ஒரே கொட்டகை, ஒரே ஆள், எல்லா வகுப்பும். பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது அங்கே தானாகவே வந்துவிட்டது. மதராஸ் முறை என்ற பெயரை அவர்கள் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். வேறு வழியில்லாமல் செய்தார்கள்.

பாட்டியின் நிரை

பள்ளிக்கூடத்தில் மட்டுமா இப்படிக் கற்றார்கள்? பால்மரத்தைப் பாருங்கள். பட்டையை மனம்போனபடி கொத்தாமல், ஒரே வெட்டின் விளிம்பை மெல்லிசாகச் சீவிச்சீவிப் பாலெடுக்கும் வழியைச் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராயிருந்த ரிட்லி சோதித்துக் கண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். அந்த நுட்பத்தை இலட்சக்கணக்கான தொழிலாளர்கள் கற்றுக்கொண்டார்கள். புத்தகம் படித்தா கற்றார்கள்?

என் பாட்டி சொல்வார்: "மொதல்ல எனக்கு உளி புடிக்கவே தெரியாது. பக்கத்து நெரையில வெட்டுற அக்காதான் கையப் புடிச்சிக் காட்டுச்சி. சாய்க்கப்போற கெழட்டு மரத்துல வெட்டி வெட்டிப் பழகுனேன். ஆழமாப் போனா மரம் காயமாயிடும், மேலாப் போனா பால் வராது. கைக்குத் தெரியணும், கண்ணு."

கிழட்டு மரம் பாட்டிக்கு மணல்போல. அங்கே பிழை செய்தாலும் நட்டமில்லை. பக்கத்து நிரை அக்கா சட்டாம்பிள்ளை. வேலைக்கு வந்த சில மாதங்களில், பாட்டியே புதிதாக வந்த இன்னொருவருக்குக் கைபிடித்துக் காட்டினாராம். "அடுத்தவளுக்குக் காட்டும்போதுதான் எங்கையி என்னா செய்யுதுன்னே எனக்குப் புரிஞ்சிச்சி" என்று சொல்லிச் சிரிப்பார். எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி சொன்ன இந்த வார்த்தையை, பயிற்சிச் சான்றிதழ் வாங்கிய நான் வெகுகாலம் கழித்தே புரிந்துகொண்டேன்.

அறிவியல் என்ன சொல்கிறது?

ஜெர்மனியில் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற அறிஞர், மனிதர்கள் எப்படி மறக்கிறார்கள் என்பதைத் தம்மையே வைத்துச் சோதித்தார். பொருளற்ற அசைகளைப் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்தார். 1885இல் வெளியான அவருடைய நூலில் இரண்டு உண்மைகள் நமக்கு முக்கியம்.

முதலாவது, படித்தது முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்குமேல் நழுவிவிடுகிறது. அதன்பிறகு மெதுவாகத்தான் மறக்கிறது. இரண்டாவது, ஒரே மூச்சில் படிப்பதைவிட விட்டுவிட்டுப் படிப்பது மேல். ஒரு பட்டியலை ஒரே நாளில் 68 தடவை சொல்லிப் பெற்ற பயனை, மூன்று நாள்களுக்குப் பங்கிட்டு 38 தடவை சொல்லியே அவர் பெற்றார். ஏறக்குறையப் பாதி உழைப்பு மிச்சம்! தேர்வுக்கு முதல்நாள் இரவு முழுதும் கண்விழித்துப் படிக்கும் பிள்ளைகள் இந்தக் கணக்கைக் கவனிக்கவேண்டும்.

2006இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் கல்லூரி மாணவர்களை வைத்து இன்னொன்றைக் காட்டினார்கள். ஒரு பகுதியைத் திரும்பத்திரும்ப வாசித்தவர்களைவிட, ஒருமுறை வாசித்துப் புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள். அதாவது, சும்மா வாசித்துக்கொண்டிருந்தால் 'எனக்கு வந்துவிட்டது' என்ற எண்ணம் உண்டாகும். ஆனால் அது நிலைக்காது.

இப்போது திண்ணையை நினைத்துப் பாருங்கள். புத்தகமில்லாமல் ஒப்பித்தார்கள். மாலையில் சொன்ன பெயரை மறுநாள் காலையில் கேட்டார்கள். சிறு துண்டாகப் படித்தார்கள். சேர்ந்து படித்தார்கள். எப்பிங்ஹாஸ் கணக்குப் போட்டு அளந்ததை, நம் வாத்தியார்கள் பழக்கத்தில் கண்டிருந்தார்கள். ஆனால் பொருள் விளக்குவதில் அவர்களும் குறைவைத்தார்கள் என்பதை மறைக்கவேண்டியதில்லை.

அந்தத் தாயாருக்குப் பதில்

சரித்திரத்தைச் சுற்றிவிட்டு, என் வகுப்பறைக்கே திரும்பி வருகிறேன்.

அந்த அம்மாள் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். முதல் இரண்டு வாரமும் அந்தப் பிள்ளையை அவன் பக்கத்தில் உட்காரவைத்ததில், என் வசதியும் கலந்திருந்தது. அவள் அவனைப் பார்த்துக்கொண்டால் நான் மற்றவர்களைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். இங்கிலாந்தில் ஐந்நூறு பிள்ளைகளுக்கு ஒரு சம்பளம் என்று கணக்குப் போட்டவர்களின் தவற்றையே, சிறிய அளவில் நானும் செய்திருந்தேன்! மேடைமேல் உட்கார்ந்த அந்த வாத்தியாரைப்போல் நானும் தூரத்தில் இருந்தேன்.

ஆகவே முறையை மாற்றினேன். நாளொன்றுக்குக் கால்மணி நேரம், அதற்குமேல் இல்லை. அந்தக் கால்மணி நேரமும் நான் அவர்கள் பக்கத்திலேயே இருப்பேன். அது முடிந்ததும் அவளுக்கு அவளுடைய பாடம். எழுதுவதற்கு ஒரு தட்டில் மணல் பரப்பிவைத்தேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள், பிள்ளைகளுக்கோ ஒரே குதூகலம்.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ அந்தப் பையன் அவளிடம் கேட்டான்: "அக்கா, 'வண்டு'க்கு ஒரு ண், 'பந்து'க்கு ஒரு ந், 'கன்று'க்கு ஒரு ன். எதுக்கு மூணு? எது எங்க வரும்?"

அவள் வாயடைத்துப்போனாள். அந்த மூன்று சொற்களையும் அவள் ஒருநாளும் பிழையாக எழுதியதில்லை. ஆனால் ஏன் என்று அவளுக்குத் தெரியாது. என்னிடம் ஓடிவந்தாள். "நீயே சொல்லிப் பாரம்மா. நாக்கு எங்கே தொடுகிறது?" என்றேன். இருவரும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, 'ண்ட', 'ந்த', 'ன்ற' என்று சொல்லிச்சொல்லிப் பார்த்தார்கள். கொஞ்சநேரத்தில் அவள் முகம் மலர்ந்தது. "டீச்சர், 'ட'வுக்கு நாக்கு போற எடத்துக்கே 'ண்'ணும் போவுது! 'த'வுக்கு 'ந்'து! 'ற'வுக்கு 'ன்'னு! சொந்தக்காரங்க மாதிரி ஒண்ணாவே இருக்குதுங்க!"

இன எழுத்து என்ற இலக்கணத்தை நான் சொல்லிக்கொடுத்திருந்தால் அவள் மனப்பாடம் செய்திருப்பாள். அவனுடைய கேள்வியால் அதை அவளே கண்டுபிடித்தாள். அந்த வாரம் யார் அதிகம் கற்றது என்று கேட்டால், என்னால் தயங்காமல் 'அவள்தான்' என்று சொல்லமுடியும். அவனும் சும்மா இருக்கவில்லை. ஆண்டு முடிவதற்குள் சிறுகதைப் புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிவிட்டான். வேகம் போதாது, பரவாயில்லை, வரும்.

அந்தத் தாயாரை அழைத்து இதையெல்லாம் சொன்னேன். மகளையே 'வண்டு, பந்து, கன்று' விளக்கச் சொன்னேன். கேட்டுவிட்டு, "சரிங்க டீச்சர், ஆனா கால்மணி நேரந்தான்" என்றார் சிரித்துக்கொண்டே. அந்தக் கட்டளையை நான் இன்றுவரை மீறவில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

இந்தச் சரித்திரத்திலிருந்து வீட்டுக்கு எடுத்துப்போக நாலே செய்திகள்தாம். பாடம் சிறியதாக இருக்கட்டும். ஒன்று கைவந்தபிறகு அடுத்தது. புத்தகத்தை மூடிவிட்டு, "இன்னைக்கு என்னா படிச்சே, சொல்லு கேப்போம்" என்று இரவுச் சாப்பாட்டின்போது கேளுங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதையே கேளுங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கேட்கத் தெரிந்தால் போதும். பிழை செய்தால் தலையில் குட்டாதீர்கள். மணலை அழிப்பதுபோல் அழித்துவிட்டு மறுபடி எழுதவையுங்கள். கடைசியாக, அக்காள் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தால் தடுக்காதீர்கள். ஆனால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருங்கள். அக்காளின் படிப்பு நேரத்தையும் பத்திரப்படுத்துங்கள். சொல்லிக்கொடுக்கும் பிள்ளையை வேலைக்காரியாக்கினால் அந்த முறை கெட்டுவிடும். அவளும் கற்கும்படி அமைத்தால்தான் அது வாழும்.

மாணவச் செல்வங்களே! இன்று மேடையில் முதல் பரிசு ஒருவருக்குத்தான் கிடைக்கும். வாங்குகிறவர்களை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்தப் பரிசைக் கையில் ஏந்தும்போது, உங்களிடம் 'ஏன்' என்று கேட்ட தோழனையும், நீங்கள் மறந்தபோது எடுத்துக்கொடுத்த தோழியையும் நினைத்துக்கொள்ளுங்கள். கோயில் மண்டபத்தில் மணல் பரப்பி உட்கார்ந்திருந்த அந்த நான்கு சிறுவர்கள் சொன்னது நானூறு ஆண்டுகள் கழிந்தும் பொய்யாகவில்லை. நாலு பேரும் ஒரே நேரத்தில் மறந்துபோக முடியாது.

சேர்ந்து படிப்போம். சொல்லிக்கொடுத்துப் படிப்போம். வளர்க நம் பள்ளி! வாழ்க தமிழ்!